மதுரை பாலிசிய வச்சுக்கிட்டு வேளச்சேரில மாட்டின கதை

2023 அக்டோபர்ல மதுரைல இருக்குற மச்சான்கிட்டருந்து அவரோட டிஎன் 58 கார வாங்கினேன். ஆர்சி பேரு மாத்துறது சுலபமா முடிஞ்சிருச்சு, உயிர எடுத்தது இன்சூரன்ஸ்தான்.

ஆர்சி மாறினா பாலிசியும் தானா நம்ம பேருக்கு வந்துரும்னு இருந்துராதீங்க. தர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான கவர், அது மட்டும்தான் சட்டப்படி வண்டியோட வரும், நம்ம வண்டிக்கு அடிபட்டா காசு வரணும்னா 14 நாளுக்குள்ள கம்பெனில எழுதிக் குடுத்து பேர ஏத்தணும், இல்லேன்னா கிளைம் அப்போ கைய விரிச்சிருவாங்க.

அண்ணா சாலை பிராஞ்சுக்கு மூணு தடவ அலைஞ்சேன். மொத தடவ, பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒரிஜினல் வேணும், வாட்ஸப் காப்பி செல்லாதுன்னாங்க. மதுரைலருந்து கூரியர் வரவச்சு அரை நாள் லீவு போட்டுப் போனா வண்டி கைமாறினதுக்கு ஆர்டிஓல குடுக்குற ஃபார்ம் 29, 30 காப்பி எங்கன்னு கேக்குறாங்க. "அன்னைக்கே சொல்லிருக்கலாமே மேடம்"னேன், "நீங்க கேக்கலயே சார்"ங்குறாங்க. இன்னும் வயிறு எரியுது. மூணாவது தடவதான் காசு விஷயமே வெளிய வருது. மச்சானோட 50 பர்சன்ட் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைமே பண்ணாம இருந்ததுக்குக் குடுத்த தள்ளுபடி, அவருக்குத்தான், வண்டியோட வராது, பாலிசில மீதி மாசத்துக்கு உண்டான வித்தியாசத்த நான் கட்டணுமாம். 2,870 ரூபா கட்டினேன். பேர் மாத்தின எண்டார்ஸ்மென்ட் நவம்பர் 28 மெயில்ல வந்துச்சு.

ஆறே நாள்ல மிக்ஜாம் புயல்.

எங்க ஏரியால பாதிப்பேர் வண்டிய வேளச்சேரி பாலத்து மேல ஏத்திட்டாங்க, நான் கீழ பார்க்கிங்லயே விட்டுட்டேன். சீட்டு வரைக்கும் தண்ணி. வடிஞ்சதும் சாவியப் போட்டுப் பாக்கலாம்னு கை துறுதுறுங்குது, தயவுசெஞ்சு போட்டுராதீங்க. பேட்டரி டெர்மினல கழட்டிட்டு, கதவுல சேறு படிஞ்ச கோட்டுல விரல வச்சுக் காட்டி ஒரு வீடியோ எடுத்தேன். சேதத்தப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் வந்து கேட்ட மொத கேள்வியே "ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"தான். வீடியோவ ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டு தலையாட்டினாரு. தண்ணியோட ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா சாதா பாலிசில வராது, இன்ஜின் புரொடெக்ட்ங்குற ஆட்-ஆன தனியா சேத்திருக்கணும். என் பாலிசில அது இல்ல, பார்ட்ஸ் தேய்மானத்துக்குக் காசு பிடிக்காம இருக்குற ஜீரோ டெப் ஆட்-ஆனும் இல்ல. இன்ஜின் தப்பிச்சிருச்சு, ஆனா பிளாஸ்டிக், ரப்பர் ஐட்டத்துக்கெல்லாம் பாதி காசு பிடிச்சுட்டாங்க, கைலருந்து 38,000 போச்சு.

மச்சான் மேல தப்பில்ல, மதுரைல அவருக்கு அது தேவைப்படல. ஆனா கோவை, திருச்சி, மதுரைலருந்து வண்டியோட சென்னை வர்றவங்க பிரீமியம் கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு நின்னுராதீங்க. தர்ட் பார்ட்டி எல்லா ஊருக்கும் ஒரே ரேட்டு, 1000 சிசிக்கு மேல 1500 வரைக்கும் 2023ல 3,416 ரூபா. நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ்தான் ரிஜிஸ்டர் ஆன ஊர வச்சு மாறும், சென்னை சோன் ஏ, தமிழ்நாட்டுல மத்த ஊரெல்லாம் சோன் பி, அதான் அங்க கொஞ்சம் கம்மி. நம்ம ஊர் தண்ணிக்கு அந்தக் கம்மி எந்த மூலைக்கு? வந்த உடனே பாலிசில அந்த ரெண்டு ஆட்-ஆன் இருக்கான்னு பாருங்க, எனக்கு நடுவுல சேக்க முடியாதுன்னுட்டாங்க.

ரினியூவல்ல ஏஜென்ட் "எல்லாம் போட்டாச்சு சார்"னாரு. கோட்டேஷன வாங்கி அந்த ரெண்டு வரியும் இருக்கான்னு நானே பாத்தப்புறம்தான் பணம் அனுப்பினேன்.