செவ்வாய்ப்பேட்டை ரேட் போர்டும் வேண்டாத மோட்செட்டும்

ஜூலை 22

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் கடைக்கு வரச் சொன்னார். சுவரில் பெரிய டிவி, அதன் முதுகில் ஒட்டிய சின்ன ஏஆர்எம் போர்டு (ஒற்றைப் பலகைக் கணினி), அதில் லினக்ஸ். வெள்ளி விலை மாறினால் புதுப் படம் ஒன்றைத் திரைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. "தம்பி, ரேட்டு மாத்தறப்பல்லாம் டிவி செத்துச் செத்துப் பொழைக்குதுங்க" என்றார். நின்று பார்த்தேன். விலை மாறியது, திரை கறுத்தது, மூலையில் "சிக்னல் இல்லை" என்று வந்தது, இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் புது விலை தெரிந்தது. விலை ஏறி இறங்கும் நேரத்தில்தானே எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் பார்த்து அது கண்ணை மூடிக்கொண்டால் ரேட் போர்டு எதற்கு?

கேபிளை மாற்றியாயிற்று, வேறு டிவியும் மாட்டியாயிற்று. அதே கதைதான். போர்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூலை 23

இதில் அடிப்படை விஷயம் ஒன்றை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மீதி தானாகப் புரியும். திரையில் படத்தை மாற்றுவது வேறு, மோட் மாற்றுவது வேறு. மோட் என்றால் படத்தின் அளவும் வினாடிக்கு எத்தனை தடவை அனுப்புவது என்பதும். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்றால் கம்பியில் போவது அதைவிடப் பெரிது: ஓரத்து வெற்றிடமும் சேர்த்து ஒரு வரிக்கு 2200 பிக்சல், மொத்தம் 1125 வரி, வினாடிக்கு 60 தடவை. பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ், இதுதான் பிக்சல் கிளாக். மோட்செட் என்றால் வெளியீட்டை நிறுத்தி, கிளாக் தரும் பிஎல்எல் என்ற சுற்றைத் திருப்பி அமைத்து, அது நிலைப்படும் வரை காத்திருந்து, மறுபடி கிளப்புவது. நடுவில் சிக்னல் அறுந்துபோவதால் டிவி முதலிலிருந்து தேட ஆரம்பிக்கிறது, அந்தக் கறுப்புத் திரை அதனால் வருவது. வெறும் படம் மாற வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேமை நினைவகத்தின் எந்த முகவரியிலிருந்து படிப்பது என்று சொன்னால் போதும், யார் கண்ணிலும் படாமல் மாறிவிடும்.

ரேட் போர்டு புரோகிராம் ஒவ்வொரு விலைக்கும் மோடையும் படத்தையும் சேர்த்து வைக்கும் பழைய செட்சிஆர்டிசி அழைப்பைக் கூப்பிடுகிறது, ஒரே மோட், புது ஃபிரேம்பஃபர் (படம் இருக்கும் நினைவகப் பகுதி). அதைக் குறை சொல்ல மாட்டேன். மோட் மாறவில்லை, படம் மட்டும்தான் மாறுகிறது என்று கண்டுபிடித்து முழு மோட்செட்டைத் தவிர்ப்பது லினக்ஸின் கருவான கெர்னலின் பொறுப்பு, மாற்றங்களை முதலில் சரிபார்த்து மொத்தமாகச் செய்யும் அட்டாமிக் முறை வந்த பிறகு அதற்கு எல்லா வசதியும் இருக்கிறது.

ஜூலை 25

மாதாந்திர பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, கோயில் ஒலிபெருக்கி மட்டும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆடி மாசம் அப்படித்தான். போர்டை இன்வெர்ட்டரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கெர்னலில் திரையைக் கவனிக்கும் பகுதியான டிஆர்எம்மின் டீபக்கை 0x14 என்று வைத்தால் மோட்செட்டும் அட்டாமிக்கும் சேர்ந்து லாகில் வரும். மோட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் பேஜ்ஃபிளிப் (படத்தை மட்டும் மாற்றும் அழைப்பு) கொடுத்ததும் "இன்வேலிட் ஆர்கியூமென்ட்" என்று உடனே விழுந்தது. இதுதான் எனக்கு வேண்டிய துப்பு. பேஜ்ஃபிளிப்பில் தெரியாத்தனமாக முழு மோட்செட் நடந்துவிடக் கூடாது என்று கெர்னல் உதவிக் குறியீடே 'மோட்செட் அனுமதி'யை அணைத்துவிடுகிறது. அப்படியும் யாரோ மோட் மாறிவிட்டது என்று கொடி ஏற்றினால், அதாவது குறித்து வைத்தால், பிழைதான் வரும். செட்சிஆர்டிசியில் அந்த அனுமதி எப்போதும் உண்டு, அதனால் பிழை வராமல் சத்தமில்லாமல் திரை அணைந்து எரிகிறது. ஆக, படம் மட்டும் மாறும்போதும் யாரோ கொடி ஏற்றுகிறார்கள்.

ஜூலை 26

சிப் தயாரித்தவர்கள் கொடுத்த டிரைவரில்தான் (வன்பொருளை இயக்கும் கெர்னல் பகுதி) கொடி ஏறுகிறது. சரிபார்க்கும் கட்டத்தில் அது வன்பொருளிடம் "இப்போது உன் கிளாக் எவ்வளவு" என்று கேட்டு, மோடில் கேட்டிருக்கும் கிளாக்கோடு அப்படியே ஒப்பிடுகிறது. கேட்டது 148500 கிலோஹெர்ட்ஸ். இந்த பிஎல்எல்லால் கொடுக்க முடிந்தது 148490. இரண்டும் ஒருநாளும் சமமாகாது, எனவே ஒவ்வொரு படத்துக்கும் "மோட் மாறிவிட்டது".

கெர்னலின் பொதுக் குறியீடு இதைவிட நிதானமானது. இரண்டு மோட்களின் கிளாக்கையும் ஒரு துடிப்புக்கு எத்தனை பைக்கோவினாடி என்று மாற்றி, பின்னத்தை விட்டுவிட்டு ஒப்பிடுகிறது. 148500-க்கும் 6734, 148490-க்கும் 6734. அதேசமயம் 59.94 ஹெர்ட்ஸ் மோடின் 148352-க்கு 6740 வருகிறது, அது நிஜமாகவே வேறு மோட். தள்ள வேண்டிய வித்தியாசத்தைத் தள்ளி, கொள்ள வேண்டியதைக் கொள்கிறது. இவ்வளவு அழகான ஏற்பாடு கையில் இருக்கும்போது டிரைவர் தனியாக ஏன் கணக்குப் போட வேண்டும்? எனக்குக் கோபமே வந்தது.

ஜூலை 29

டிரைவரைத் திருத்தும் பேட்ச் எழுதியாயிற்று. வன்பொருளைக் கேட்பதை எடுத்துவிட்டேன். பிஎல்எல் கொடுக்கக்கூடிய கிளாக்கைக் கணக்கிட்டு டிரைவரின் சொந்த நிலையில் வைத்துக்கொள்கிறேன், பழைய நிலையும் புது நிலையும் ஒரே கணக்கில் வந்தவை, இரண்டையும் ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் இருந்தால் மட்டும் கொடி ஏற்றி, மோட்செட் சரிபார்ப்பை இன்னொரு முறை ஓட்ட வேண்டும், சரிபார்ப்பின் நடுவில் கொடி ஏற்றும் டிரைவர்களுக்கு அது கட்டாயம். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 2

தவிர்ப்பது நல்லதுதான், கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்கக் கூடாது. ஏற்காட்டில் நண்பனின் விடுதி வரவேற்பறையில் இதே போர்டு டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரோடு இருக்கிறது, அதற்காகவே மலை ஏறினேன். டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைப்புப் பயிற்சி (போர்டும் மானிட்டரும் கம்பியில் ஒத்துவரும் வேகத்தைச் சோதித்து முடிவுசெய்வது) தோற்றால் டிரைவர் 'லிங்க் ஸ்டேட்டஸ்' கெட்டுவிட்டது என்று குறித்து மேலே தகவல் அனுப்பும், மேலே இருக்கும் புரோகிராம் அதே மோடைத் திரும்பக் கேட்கலாம். அப்போது "மோட் அதேதானே" என்று டிரைவர் சும்மா இருந்தால் திரை கறுத்தது கறுத்ததுதான். பொதுக் குறியீடு இதையும் யோசித்திருக்கிறது: செட்சிஆர்டிசி வந்தால் லிங்க் ஸ்டேட்டஸை நல்லது என்று மாற்றி வைக்கும், பழைய நிலையோடு அது வேறுபடுவதால் முழு மோட்செட் நடந்து பயிற்சி மறுபடி ஓடும். என் பேட்ச் அந்த வழியில் குறுக்கே நிற்கவில்லை என்பதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன், இருபது கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டத்தில்.

ஆகஸ்ட் 6

கடையில் மாட்டியாயிற்று. காலையிலிருந்து விலை பல தடவை மாறியது, டிவி ஒரு தடவைகூட இமைக்கவில்லை. லாகில் மோட்செட் வரி பூட் ஆகும்போது மட்டும் வருகிறது. அண்ணன், "இப்பத்தான் கடை மாதிரி இருக்குதுங்க" என்றார்.

பூட்டில் வரும் அந்த ஒன்றும் வேண்டாததுதான். கெர்னலை ஏற்றும் பூட்லோடர் லோகோ காட்டும்போதே 1080-ஐ வைத்துவிடுகிறது, கெர்னல் வந்து அதையே அணைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறது. இன்டெல்லின் ஐ915 திரை டிரைவர், சிப்பின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் ரெஜிஸ்டர்களைப் படித்து நிலையைக் கண்டறிந்து, ஒத்துப்போனால் தொடாமல் விடுகிறது. 2019-இல் வந்த 5.1 கெர்னலிலிருந்து ஸ்கைலேக் என்ற இன்டெல் சிப் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் இயல்பாகவே அப்படித்தான். இந்தச் சிப்பிலும் படிக்கக்கூடிய ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. பிஎல்எல் பிரிப்பான்களைப் படிப்பதிலிருந்து நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.