வார்டுக்குப் போகும் தையல்

ஜூன் 3

நோயாளிகளுக்கு ஏதாவது தைத்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தேன். வார்டு சிஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார். மார்பக அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இதய வடிவத் தலையணை வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். பதிலுக்குத் தன் ஒரு கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இப்படியேதான் உட்கார்ந்திருப்பாங்க. கையைக் கீழே விட்டா தையல் போட்ட இடத்துல உரசும்."

அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் வலி இன்னும் அதிகம். இதயத்தின் பிளவை அக்குளில் செருகிக்கொண்டால் இரண்டு மேடுகளும் முன்னும் பின்னும் நின்று கையைத் தாங்கும். காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் அன்பின் சின்னம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 5

துணி துவைக்கிற வேலை மட்டும். புதுப் பருத்தியில் கஞ்சி இருக்கும், சுருங்கவும் செய்யும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை அலசியாக வேண்டும். சோப்பு வாசனையில்லாதது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு நாம் ரசிக்கிற வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடும்.

ஜூன் 9

இதயத்தில் சிரமமான இடம் அந்தப் பிளவுதான். அங்கே இரண்டு வரி அடிக்கிறேன். தையல் நீளம் 2 மில்லிமீட்டர். அப்புறம் உள்பக்கத்தில் தையலைத் தொடாமல், அதற்கு ஒரு நூல் தூரம் வரை கத்தரியால் நறுக்க வேண்டும். அவ்வளவு தூரம் நறுக்காவிட்டால் திருப்பும்போது பிளவு சுருங்கிக்கொண்டு நிற்கும். வளைவுகளிலும் சின்னச் சின்ன வெட்டுகள்.

பாலியஸ்டர் பஞ்சைத் தராசில் நிறுத்துத்தான் அடைக்கிறேன், ஒன்றுக்கு 160 கிராம். கூடினால் தலையணை விறைத்துக் கையைத் தள்ளும், குறைந்தால் கையின் பாரத்தில் சப்பிப் போகும். பஞ்சை விரலால் நன்றாகப் பிரித்துப் போட வேண்டும், கட்டி கட்டியாகப் போனால் வெளியே தெரியாது, ஆனால் அக்குளுக்குத் தெரியும். திறப்பைக் கையால் மூடும்போது நூல் வெளியே தலைகாட்டக் கூடாது. குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறேன். ஒன்று குறைந்தாலும் பஞ்சைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதால், இப்போதெல்லாம் முடிந்தவரை கிளிப்தான்.

ஜூன் 14

தோழி உதவிக்கு வந்தாள், பை நிறைய லேஸும் பட்டனும் ரிப்பனும். தலையணை ஓரம் முழுக்க லேஸ் வைக்க வேண்டும், நடுவில் "நீ ஒரு போராளி" என்று எம்பிராய்டரி போட வேண்டும் என்றாள். லேஸ் போய் உட்காரும் இடம் ரணமான தோல். எம்பிராய்டரியின் பின்பக்க முடிச்சு கைக்கு உறுத்தும். வாசகமும் எனக்குப் பிடிக்கவில்லை. படுத்திருப்பவருக்கு அன்றைக்குப் போராடுகிற மனநிலை இல்லாமல் இருக்கலாம், அழ வேண்டும் போல இருக்கலாம்.

"அப்போ நாம செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தெரிய வேண்டாம் என்றேன். கோபம்தான். டீ குடிக்காமலே போய்விட்டாள். பையை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 17

கீமோ தொப்பிகள். முதல் கீமோ முடிந்து பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். அந்தச் சமயத்தில் தலைத்தோல் கூசும், வலிக்கவும் செய்யும். எனவே மெல்லிய பனியன் துணி, தையல் விளிம்பு வெளிப்பக்கமாக. சாதாரண ஊசி பனியன் துணியில் ஓட்டை போட்டுவிடும், முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி மாட்ட வேண்டும். நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் குறுகலான ஜிக்ஜாக்.

ஜூன் 20

சிஸ்டர் போன் செய்தார். மறதி நோய் உள்ள பெரியவர்கள் சிலர் சும்மா இருக்க முடியாமல் கையில் ஏற்றிய டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறார்களாம். விரலுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த உருளைப் பை மாதிரி, உள்ளேயும் வெளியேயும் தடவ, உருட்ட, இழுக்க ஏதாவது தைத்துத் தர முடியுமா?

உடனே தோழிக்குத்தான் போன் போட்டேன். "உன் லேஸ், பட்டன் எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சாச்சு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஜிப்பும் இருக்கு, கொண்டு வரவா?" என்றாள்.

ஜூன் 22

பட்டன் தைப்பதில் அவளை மிஞ்ச முடியாது. இரட்டை நூலில் தைத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கிறாள். வந்துவிட்டால் யாராவது வாயில் போட்டுக்கொள்வார்கள். நீள ரிப்பன் வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, தொற்று பரவும். எல்லாவற்றையும் துவைத்து, தனித்தனிக் கவரில் மூடி, என்ன துணி, எப்படித் துவைக்க வேண்டும் என்று சீட்டு வைத்தோம்.

ஜூன் 25

கொடுத்தாயிற்று. ஐசியூவுக்கு மட்டும் வேண்டாம் என்றார்கள், அது அவர்கள் முடிவு. கையோடு அடுத்த வேலையும் வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் காயத்திலிருந்து குழாய் வழியே வடியும் நீர் சேரும் டப்பாவைப் போட்டுக்கொள்ளத் தோள் பை. டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும், அதனால் வார் நீளமாக, ஆளுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெல்க்ரோவா, பட்டனா என்று கேட்டேன். தோழி இரண்டும் வேண்டாம், ஒரு கையால் போடக்கூடிய முடிச்சு போதும் என்கிறாள். நாளை எல்லா விதமாகவும் தைத்துப் பார்க்கிறோம்.