துவாக்குடிப் பட்டறையிலிருந்து நானூறு பிராக்கெட்டுகள்

திருச்சி துவாக்குடியில் இருக்கும் எங்கள் பட்டறையைப் போன்ற சிறு ஃபேப்ரிகேஷன் நிறுவனங்கள் நீண்ட காலம் ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழ்ந்தவை. திருவெறும்பூர் பெல் ஆலையிலிருந்து தகடும் குழாயும் லாரியில் வந்து இறங்கும். நாங்கள் வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் திருப்பி அனுப்பி, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். இரும்பு எங்களுடையது அல்ல, அதன் சான்றிதழும் எங்கள் கவலை அல்ல. அனல்மின் நிலையங்களுக்கான புதிய பாய்லர் ஆர்டர்கள் குறைந்து, எங்கள் தெருவில் ஒவ்வொரு கூடமாக வெல்டிங் வெளிச்சம் அணையத் தொடங்கியபோதுதான், வேறு யாருக்காவது ஏதாவது செய்து கொடுக்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

2019 ஜனவரி 20 அன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் திருச்சியில் தொடங்கிவைத்தார். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து மையங்கள்; 3,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு வரும் என்ற அறிவிப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படைத்துறை புதிதல்ல. நாங்கள் 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றே சொல்லிப் பழகிய படைக்கலன் தொழிற்சாலையும், டாங்கிக் குண்டுகளுக்கான கனரக உலோகக் கலவை செய்யும் ஹேப் தொழிற்சாலையும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு உள்ளே நுழையும் வழி தெரியாது. அறிவிப்புக் கூட்டங்களில் அந்த வழியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதும் பிறகுதான் புரிந்தது.

நாங்கள் உண்மையில் களத்தில் இறங்கியது 2022இல். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2021 அக்டோபர் 1ஆம் தேதி, படைக்கலன் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஒரு நிறுவனத்துக்கும், திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை இன்னொன்றுக்கும், ஹேப் மூன்றாவது ஒன்றுக்கும் போயின. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆலைகளுக்கும் தலைமையகம் வெவ்வேறு மாநிலங்களில் இருப்பதால், ஓரிடத்தில் பதிந்துகொண்ட பெயர் மற்றோரிடத்தில் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலான சிறு கொள்முதல்கள் ஜெம் என்ற அரசு மின்சந்தை வழியாக வருவதால் அங்கே விற்பனையாளராகப் பதிவு செய்தோம். பான், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, குறு, சிறு நிறுவனப் பதிவான உத்யம் சான்று ஆகியவை ஒன்றோடொன்று எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பதிவில் சிரமம் ஒன்றும் இல்லை.

சிரமம் எங்கள் உத்யம் சான்றிலேயே ஒளிந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி எங்களைப் போன்றவர்கள் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. இந்தச் சலுகையை நம்பி முதல் டெண்டரில் பணம் கட்டாமல் விண்ணப்பித்தோம். தொழில்நுட்ப மதிப்பீட்டிலேயே வெளியே தள்ளப்பட்டோம். எங்கள் கணக்கர் உத்யம் பதிவின்போது முதன்மைத் தொழிலாகச் 'சேவை' என்று குறித்திருந்தார். அவர் மீது குற்றமும் இல்லை. பெல் கொடுத்த தகட்டில் கூலிக்கு வேலை செய்து, கூலிக்கு மட்டும் பில் போட்ட நிறுவனத்தை வேறு எப்படி எழுதுவார்? ஆனால் பொருள் வாங்கும் டெண்டரில் அந்தப் பொருளை உற்பத்தி செய்பவருக்குத்தான் சலுகை. முப்பது ஆண்டுகளாக இரும்போடு மல்லுக்கட்டியவன் காகிதத்தில் உற்பத்தியாளன் இல்லை என்று தெரிந்த அன்று கோபமும் வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. தொழில் வகைக் குறியீட்டைத் திருத்தி, முதன்மைத் தொழிலை உற்பத்தி என்று மாற்றிய பிறகுதான் அடுத்த டெண்டரைத் தொட்டோம்.

இதற்கிடையில் 'ஸ்ரீஜன்' தளத்தையும் பல இரவுகள் அலசினேன். இறக்குமதி செய்யப்படும் பாதுகாப்புத் தளவாடங்களை உள்நாட்டில் செய்யக்கூடியவர்களைத் தேடுவதற்காக 2020இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் பொருள்களுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் இயந்திரங்களுக்கு ஏற்றதாக நான் குறித்துவைத்தவற்றில் பாதிக்குமேல் ஆண்டுக்குப் பத்தோ இருபதோ மட்டும் தேவைப்படுபவை. அச்சும், பாகத்தை இருத்திப் பிடிக்கும் ஜிக்கும் செய்த செலவே அந்த எண்ணிக்கையில் திரும்பாது. கையில் முதலோ வடிவமைப்புப் பொறியாளரோ உள்ள நிறுவனத்துக்கு அது வாசலாக இருக்கலாம். மாதச் சம்பளத்துக்கு ஆர்டர் தேடுகிறவனுக்கு அல்ல என்பதே என் எண்ணம்.

எங்களுக்குக் கிடைத்த வாசல், பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலை கேட்ட ஒரு பிராக்கெட். கவச வாகனம் ஒன்றின் உள்ளே பொருத்தப்படும் தாங்கி. தேவை 1,600 எண்ணிக்கை. இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகே வரைபடம் கைக்கு வந்தது என்பதால் அதன் வடிவத்தைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. டெண்டர் ஆவணம் முப்பது பக்கத்துக்குமேல் இருந்தது. ஜெம் தளத்தின் பொது நிபந்தனைகளைவிட, வாங்குபவர் தனியாகச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளில்தான் விஷயம் இருக்கிறது. முன் அனுபவமும் ஆண்டு வரவும் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தளர்த்தப்படுமா என்ற கேள்விக்கு அங்கே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல் இருக்கும். வாகனத்தின் பாதுகாப்போடு தொடர்புடைய பாகங்களுக்குப் பெரும்பாலும் 'இல்லை'. இதில் 'ஆம்' என்று இருந்தது. உள்நாட்டுப் பங்கு 50 சதவீதத்துக்குக் குறையாது என்ற உறுதிமொழி, நில எல்லையைப் பகிரும் நாடுகளோடு தொடர்பு இல்லை என்ற சான்று, கறுப்புப் பட்டியலில் இல்லை என்ற சான்று என ஒவ்வொன்றையும் அவர்கள் கொடுத்த வாசகத்திலேயே தட்டச்சு செய்து ஏற்றினோம். நம் சொந்த நடையில் அழகாக எழுதினால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகலாம்.

விலை திறந்தபோது எங்களுடையது 3,390 ரூபாய். ஒரு பெரிய நிறுவனம் 3,120 சொல்லி முதலிடத்தில் இருந்தது. முன்பு இதைத் தோல்வி என்று எண்ணிக் கணினியை அணைத்திருப்பேன். ஆனால் முதலிடத்தில் இருப்பவர் குறு, சிறு நிறுவனம் அல்லாதபோது, அவருடைய விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்கும் குறு, சிறு நிறுவனம் அதே விலைக்கு இறங்கச் சம்மதித்தால் மொத்தத்தில் 25 சதவீதத்தை அதற்குக் கொடுக்கலாம் என்று கொள்கை சொல்கிறது. எங்களுக்குக் கடிதம் வந்தது: 400 எண்ணிக்கை, ஒன்றுக்கு 3,120 ரூபாய், சம்மதமா? எங்கள் அடக்கச் செலவு 2,960. ஒன்றுக்கு 160 ரூபாய் மிச்சத்தில் ஒரு சிறு தவறுக்குக்கூட இடமில்லை என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். பணத்துக்காக அல்ல, அடுத்த டெண்டரில் இணைக்க ஒரு சப்ளை ஆர்டரும் ஏற்புச் சான்றும் வேண்டும் என்பதற்காக.

தவறு நடந்தது இரும்பில். அந்த வரைபடம் சோவியத் காலத்து மூலத்திலிருந்து வந்தது. பொருள்களின் பெயரெல்லாம் ருஷ்யத் தரமான கோஸ்ட் முறையில் இருந்தன. ஓரத்தில் ஒரு ருஷ்ய எழுத்தும் 15 என்ற எண்ணும் இருந்தால் அது பதினைந்து மைக்ரான் துத்தநாகப் பூச்சு என்றும், அதன்பின் வரும் இரண்டு எழுத்துகள் குரோமேட் பூச்சைக் குறிக்கின்றன என்றும் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. தகட்டுக்கு 'ஸ்டீல் 20' என்று போட்டிருந்தது. சாதாரணக் குறைகார்பன் இரும்புதானே, அதைவிட நல்லதையே போட்டுவிடுவோம் என்று, பாய்லர் வேலையில் கைபழகிய எங்கள் புத்தி நினைத்தது. பாய்லர் தரத் தகடு இரண்டரை டன்னை மொத்தமாக வாங்கி இறக்கினோம். முதலில் ஐந்து மாதிரிகளைச் செய்து கொடுத்து, அவை தேறிய பிறகுதான் மொத்த உற்பத்திக்கு அனுமதி என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. அப்படியிருந்தும் மாதிரிக்கு மட்டும் தகடு வாங்காமல் எல்லாவற்றையும் வாங்கியது என் அவசரம்.

மாதிரிகளின் அளவுகளில் ஒரு குறையும் இல்லை. வெல்டிங்கை ஆய்வாளர் பாராட்டினார். பிறகு ஆய்வகச் சான்றைக் கையில் எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஸ்டீல் 20இல் மாங்கனீஸ் 0.35 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கலாம். எங்கள் தகட்டில் 0.82. வலிமையில் எங்கள் தகடு ஒரு படி மேல் என்று வாதாடிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "நல்ல இரும்புதான் சார். ஆனா இந்த டிராயிங்கோட இரும்பு இது இல்ல."

மாற்றுப் பொருளுக்கு அனுமதி கேட்கவும் வழி உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது வாங்கும் தொழிற்சாலை அல்ல. அந்த வரைபடத்தின் மூல விவரங்களைக் காக்கும் பொறுப்புள்ள, ஏ.எச்.எஸ்.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் தர உறுதி அமைப்பு. அங்கிருந்து பதில் வருவதற்குள் எங்கள் கெடு முடிந்துவிடும். எனவே சென்னை சாத்தங்காடு இரும்பு அங்காடியில் இரண்டு நாள் அலைந்தேன். ஸ்டீல் 20க்கு ஈடான இந்திய வகை ஆலையிலிருந்து நேராக வேண்டுமானால் லோடு கணக்கில்தான் கிடைக்கும். சில்லறையில் கிடைப்பவற்றின் சான்றிதழோ நகலின் நகலாக இருக்கும், எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்று காட்டத் தகட்டில் குத்திய உருக்கு எண்ணோடு பொருந்தாது. உருக்கு எண் தெளிவாக இருந்த தகடுகளை ஒரு வியாபாரியிடம் கண்டுபிடித்து, துண்டு வெட்டித் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். முதலில் வாங்கிய தகட்டை வேறு வேலைகளில் மெல்ல மெல்லத் தீர்க்க எட்டு மாதங்கள் ஆயின.

இரண்டாவது மாதிரி தேறியது. ஆனால் இரண்டு வாரத் தாமதம். தாமதமான சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு அரை சதவீதம் என்று 12,480 ரூபாய் பிடித்தார்கள். நியாயமான பிடித்தம்தான், அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் பணம் வந்த விதத்தில்தான். 12.48 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 2,24,640 ரூபாய். இரும்பு வாங்கும்போது கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரவை, கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், வாங்கியவர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். செயல்திறன் உத்தரவாதமாக 3 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். எங்கள் வங்கியோ முழுத் தொகையையும் வைப்பில் வைத்தால்தான் தருவோம் என்றது. சரக்கு பெறப்பட்டு ஏற்கப்பட்டதற்கான சான்று இணையத்தில் ஏறினால்தான் பணம் நகரும். அதை ஏற்ற வேண்டிய அலுவலர் விடுப்பிலும், பிறகு மாறுதலிலும் இருந்தார். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாள்களுக்குள் கொடுக்க வேண்டிய தொகை 71ஆவது நாளில் வந்தது. தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அதே சட்டம் உரிமை தருகிறது, அப்போது அதற்கென இருந்த அரசின் சமாதான் தளத்தில் மனுக் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. முதல் ஆர்டரிலேயே வாங்குபவர்மீது மனுப் போட எனக்குத் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை. தெரிந்தவர்களில் துணிந்தவர்களும் அதிகம் இல்லை.

கட்டடப் பக்கம் என் மைத்துனர் ஒருவர் இதே காலத்தில் இராணுவப் பொறியியல் சேவைப் பணிகளுக்கு முயன்றார். அங்கே சந்தையில் நுழைவது போல நுழைய முடியாது. முடித்த வேலைகளின் சான்று, நிதி வசதிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கொடுத்து ஒரு வகுப்பில் ஒப்பந்தக்காரராகப் பதிவு பெற வேண்டும். முகாமுக்குள் ஒவ்வொரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியிருப்பதால், காலை எட்டு மணி வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கும் என்று வைத்துத்தான் கூலியைக் கணக்கிட வேண்டும் என்பார். முதல் வேலையில் அவர் அப்படிக் கணக்கிடவில்லை.

எல்லாச் செலவும் போக எங்கள் நானூறு பிராக்கெட்டுகளில் கையைக் கடிக்காமல் தப்பினோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆர்டரின் நகலையும் ஏற்புச் சான்றையும் இணைத்து அதன்பின் மூன்று ஆர்டர்கள் வாங்கியிருக்கிறோம். இப்போது ஒரு டெண்டர் திறந்திருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்கு முடிகிறது. வரைபடத்தில் ஸ்டீல் 45 என்று இருக்கிறது. சாத்தங்காட்டு வியாபாரியிடம் உருக்கு எண்ணோடு சான்றிதழைக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை விலைக் கட்டத்தை நிரப்பப்போவதில்லை.