கடைசி வரிசை வரை

என் இடது காலில் சிறு வயதிலேயே போலியோ. 18 ஆண்டுகளாகக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். முன்பெல்லாம் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்புவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இப்போது மின்சார மூன்று சக்கர சைக்கிளில் போகிறேன்.

முதலில் நான் கேட்டது இரு சக்கர மின்சார சைக்கிளைத்தான். நிற்கும்போதெல்லாம் காலூன்ற வேண்டும் என்பது ஏறிப் பார்த்த பிறகே உறைத்தது. நானோ அலமாரிக்கு அலமாரி நிற்பவன். மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே குறித்துக்கொள்ளலாம். ஆனால் திருப்பத்தில் கவனம் வேண்டும். இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து கொடுக்கும், இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பாரத்தைத் தாழ்வாக வைப்பதும் அதற்காகவே. மிதித்தால் மட்டும் உதவும் மோட்டாரைவிட, கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வண்டிதான் எனக்கு ஏற்றது. கால் ஓய்ந்த நாளிலும் நகரும்.

“அவருக்கு மட்டும் சலுகையா?” என்று ஒருவர் கேட்டார். மனம் வலித்தது. இது சலுகை அல்ல. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது. கண்ணாடி அணிந்து வேலை பார்ப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே!

ஒரு குறை மீதமிருக்கிறது. சார்ஜ் போடும் இடம் மாடியில். பேட்டரியைக் கழற்றி வேறொருவர்தான் தூக்கிப் போகிறார். தரைத்தளத்தில் ஒரு மின்இணைப்பு வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.