கல்லீரல் கட்டியைச் சுட்டுவிடலாமா?

வேறொரு வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில், என் தங்கையின் கல்லீரலுக்குள் 3.5 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. எம்.ஆர்.ஐ.யும் திசுப் பரிசோதனையும் முடிந்து, அது ஹெபட்டோசெல்லுலார் அடினோமா என்னும் புற்றல்லாத கட்டி என்று உறுதியாகும்வரை வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. உறுதியான பிறகோ, எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "எதுவானாலும் உடனே எடுத்துவிடுங்கள்" என்பதுதான். அந்த அறிவுரையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

கல்லீரலில் வரும் புற்றல்லாத கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. மிகப் பரவலாகக் காணப்படும் ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்க் கட்டி, வலி போன்ற தொந்தரவு தராதவரை அப்படியே விடப்படுகிறது. நடுவில் தழும்பு போன்ற கோட்டுடன் தெரியும் ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா புற்றுநோயாக மாறுவதில்லை என்பதால், நோயறிதல் உறுதியானால் அதற்கும் பெரும்பாலும் அதே முடிவுதான். அடினோமாவின் கதை வேறு. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனோடு நெருங்கிய தொடர்புடைய இக்கட்டி, 5 சென்டிமீட்டரைத் தாண்டும்போது உள்ளே ரத்தம் கசியும் ஆபத்தும், சிறுபான்மையோரிடம் புற்றாக மாறும் ஆபத்தும் கூடுகின்றன. ஆண்களுக்கு வந்தாலோ, பீட்டா-கேட்டனின் என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தாலோ, அளவு சிறிதாக இருந்தாலும் மருத்துவர்கள் அதை அகற்றவே விரும்புகிறார்கள். என் தங்கையிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு 6 மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பலருக்கு அந்த இடைவெளியில் கட்டி சுருங்கிவிடும். அவளுக்கு 4.4 சென்டிமீட்டராக வளர்ந்திருந்தது.

கட்டி வலது மடலின் ஆழத்தில் இருந்ததால், அதை அறுத்து எடுப்பதென்றால் நல்ல கல்லீரலிலும் கணிசமான பகுதியை இழக்க வேண்டியிருக்கும் என்று அறுவைச் சிகிச்சை மருத்துவரே எடுத்துச் சொன்னார். அதனால்தான் தோலின் வழியாக ஊசி போன்ற மெல்லிய கருவியைச் செலுத்தி, கட்டியை இருந்த இடத்திலேயே வெப்பத்தால் அழிக்கும் முறைக்கு வந்து சேர்ந்தோம். திசுவின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை எட்டினால் செல்லின் புரதங்கள் இறுகி, அது ஏறக்குறைய உடனே இறந்துவிடும். ரேடியோ அலை முறையில், மாறிமாறிப் பாயும் மின்னோட்டம் திசுவிலுள்ள அயனிகளை அலைக்கழித்து, அந்த உராய்வால் சூட்டை உண்டாக்குகிறது. ஆனால் 100 டிகிரியைத் தாண்டித் திசு கருகிவிட்டால் மின்னோட்டம் தடைபட்டு, சூடு மேற்கொண்டு பரவாது. 915 அல்லது 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் முறையோ நீர் மூலக்கூறுகளை வேகமாகச் சுழலச் செய்து சூடேற்றுவதால், அந்தத் தடை அதற்குப் பெரிதாக இல்லை. இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. 3 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான ரத்தக்குழாய் அருகில் ஓடினால், பாயும் ரத்தமே சூட்டை வாரிக்கொண்டு போய்விடும்; மைக்ரோவேவில் இந்த இழப்பு குறைவு. அவளுடைய கட்டியை ஒட்டி ஒரு சிரை ஓடியதால் மைக்ரோவேவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிகிச்சை முடிந்தபின் பதிவான அல்ட்ராசவுண்ட் படங்களை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். சாம்பல் நிறக் கல்லீரலுக்குள் ஒரு வெண்கோடு சாய்வாக இறங்கி, கட்டியின் நடுவில் நின்றது. சற்று நேரத்தில் அதன் நுனியைச் சுற்றி வெண்மேகம் போல ஏதோ கிளம்பி, கட்டியையே மறைத்துவிட்டது. திசு நீர் கொதித்து எழும் குமிழிகள் அவை என்றும், மேகத்தின் அளவை வெந்த பகுதியின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அவர் விளக்கினார். வெளியே எடுக்கும்போது ஊசிப் பாதையையும் சூடேற்றிக்கொண்டே வந்தார்களாம், ரத்தம் கசியாமல் இருப்பதற்காக. அவளுடைய விலாவுக்குக் கீழே எஞ்சியது சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல் மட்டுமே.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்திவிடாது. பெரிய ஹீமாஞ்சியோமாவைச் சுடும்போது அதற்குள் தேங்கிய ரத்தமும் சூடாகிச் சிவப்பணுக்கள் உடைவதால், சிறுநீர் கருஞ்சிவப்பாகிச் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். குடல் ஒட்டியிருந்தால் இடையில் திரவம் செலுத்தி விலக்கிவைக்க வேண்டும். பெரிய பித்தநாளம் அருகிலிருந்தால் பல சமயம் இந்த முறையையே தவிர்த்துவிடுகிறார்கள். பித்தநாளம் எங்கே ஓடுகிறது, குடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஸ்கேன் படத்தைக் காட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சில நாட்கள் லேசான காய்ச்சலும் அசதியும் இருந்தன. வெந்த திசுவுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில், கட்டி இருந்த இடம் முன்பைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியவும் நான் பதறிப்போனேன். சாயமருந்து சிறிதும் ஏறாமல் அது முழுக்கக் கறுப்பாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, ரத்த ஓட்டம் அற்ற, இறந்த திசு அது என்றும், உடல் அதை மாதக்கணக்கில் மெல்லக் கரைக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். ஓராண்டில் அது 2 சென்டிமீட்டர் தழும்பாகச் சுருங்கியிருக்கிறது. கல்லீரலின் வேறு இடத்தில் புதிதாக அடினோமா தோன்றலாம் என்பதால், அந்த மாத்திரையை அவள் மறுபடி தொடவில்லை. ஸ்கேன் மட்டும் தொடர்கிறது.