நீல அனிமோன் ஒருவழியாகப் பூத்துவிட்டது

முந்தாநாள் வரை மொட்டு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. இன்று நல்ல வெயில். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் முழுசாக விரிந்திருக்கிறது. எண்ணினேன், 13 இதழ். ஊதா கலந்த நீலம், நடுவில் வெளிர்மஞ்சள் மகரந்தம். மேகம் வந்தால் மூடிக்கொள்கிறது, வெயில் திரும்பினால் திறக்கிறது. எழுந்து வரவே மனமில்லை.

அனிமோனில் இது பிளாண்டா இனம், ‘புளூ ஷேட்ஸ்’ ரகம். போன இரண்டு வருடமும் ஒன்றுகூட முளைக்கவில்லை. கோளாறு கிழங்கை ஊறவைப்பதில்தான். முதல் வருடம் காய்ந்த கிழங்கை அப்படியே புதைத்தேன். வசந்தத்தில் தோண்டினால் கிழங்கு கரித்துண்டு மாதிரி அப்படியே இருந்தது. அடுத்த வருடம் ஒரு இரவும் ஒரு பகலும் தண்ணீரில் கிடந்து, மண்ணுக்குள் போய்க் கூழாகிவிட்டது.

இந்த முறை மணிக்கொரு தரம் எடுத்து அழுத்திப் பார்த்தேன். முதல் மணியில் கல். மூன்றாவது மணியில் சுருக்கம் விரிய ஆரம்பித்தது. நான்காவதில் நகம் லேசாகப் பதிந்தது. அதுதான் பதம். உடனே வடித்து, 5 செ.மீ. ஆழத்தில் நட்டேன். எது தலை, எது கால் என்று தெரியாத கிழங்கு இது. பழைய தண்டின் தழும்பு இருந்தால் அதுதான் மேல்பக்கம். இல்லாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்தால் போதும், முளை தானே வழி தேடிக்கொள்ளும். 30 கிழங்கில் 22 முளைத்தன.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். கடையில் மாதக்கணக்காகக் கிடந்து காய்ந்ததை எவ்வளவு ஊறவைத்தாலும் எழாது. இனி இலையுதிர் காலத்தின் முதல் சரக்கு மட்டும்தான்.

அடுத்தது நெமரோசா என்ற இன்னொரு அனிமோன் இனத்தில் ‘ராபின்சோனியானா’ ரகம். வெளிர்நீலப் பூ. அதன் கிழங்கு பழுப்புக் குச்சி மாதிரி இருக்கும், காயவே விடக்கூடாது. ஈரப்பாசியில் சுற்றி அனுப்புகிறவரிடம்தான் வாங்க வேண்டும். மரத்தடியில் இலைமட்கு போட்டு இடம்கூடத் தயார்.

அதற்கு முன்னால் இங்கே வேலை பாக்கி இருக்கிறது. இலை தானாகப் பழுக்கும்வரை வெட்டக்கூடாது, அடுத்த வருடப் பூவுக்கான சத்து அதில்தான் சேர்கிறது. கோடை தொடங்கியதும் இலை மறைந்து, இடமே தெரியாமல் போய்விடும். மண்வெட்டி கிழங்கில் பட்டுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட வேண்டும். 22 குச்சி சீவி வைத்திருக்கிறேன், நாளைக்கு நடுவேன்.