தூக்கம் வராதவர்கள் படுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் மறுநாள் சீக்கிரமே போய்ப் படுத்துவிடுகிறோம். அதுதான் சிக்கலை வளர்க்கிறது. புரண்டுகொண்டே கிடந்து பழகினால், படுக்கையைக் கண்டதும் மூளை உஷாராகிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் குழு 1987இல் வெளியிட்ட முறை இதற்கு நேரெதிர். இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுங்கள். படுத்துக் கிடந்தது எட்டு மணி நேரம், தூங்கியது சராசரியாக ஐந்தரை என்றால் இனி படுக்கையும் ஐந்தரை மணி நேரம்தான். காலை 6 மணிக்கு எழவேண்டுமா? இரவு 12:30க்கு முன் படுக்காதீர்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறங்கவேண்டாம். படுத்த நேரத்தில் 90 சதவீதம் தூங்கினால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டலாம். 85க்குக் கீழே போனால் 15 நிமிடத்தை வெட்டுங்கள்.

பலர் ஆரம்ப வாரங்களிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். பகலெல்லாம் கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒன்பது வரை தூங்கினால் சேர்த்துவைத்த தூக்கப் பசி தீர்ந்துபோகும், திங்கள் இரவு பழைய கதைதான். மதியக் குட்டித் தூக்கமும் அதே வேலையைச் செய்யும்.

இங்கிலாந்தில் 642 பேரிடம் நடத்தி 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் செவிலியர்கள், அதுவும் நான்கே அமர்வுகளில். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் பெரிய சேதியே இதுதான். வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்களும் லாரி, பஸ் ஓட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.